கிழங்குப் பிட்டுக்குப் பின் ஓர் இஞ்சித் தேத்தண்ணி

பரிமளத்துக்குப் பயமும் அதிகம், நாக்கு ருசியும் அதிகம். இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் அந்த உடம்பு என்ன பாடுபடும் என்பது அவளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனவர்களுக்குத்தான் தெரியும்.

கண்டி நகரத்துப் புடவைக் கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை அவளுக்கு. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கொழும்பில் இருக்கிறான். மஹய்யாவையில் ஒரு சின்ன வீடு, அதில் ஓர் அறை வாடகைக்கு. வளைவில் வேகமாகத் திரும்பும் பஸ்ஸுக்குப் பயப்படுவாள், இடி மின்னலுக்குப் பயப்படுவாள், கதவு மூடிக்கொள்ளும் லிஃப்ட்டுக்குப் பயப்படுவாள், வேளை கெட்ட வேளையில் அடிக்கும் போனுக்கும் பயப்படுவாள். ஆனால் தட்டில் புதிதாக ஒன்று வந்து இறங்கினால் மட்டும் கதை வேறு. “இது ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதுல்ல?” என்று கேட்பாள். பதில் வருவதற்குள் முதல் வாய் உள்ளே போயிருக்கும்.

அவளுக்கு இந்தப் பழக்கத்தில் இரண்டு கூட்டாளிகள். ஒருவன் பஹ்மி. மடவளைக்காரன். குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் த்ரீவீலர் ஓட்டுகிறான். கண்டியைச் சுற்றி எந்தச் சந்தில் எந்தக் கடையில் கையைக் கடிக்காமல் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று கேட்டால், வழி சொல்லமாட்டான், ஏறுங்கள் என்பான். மற்றவள் கஜனி. சாவகச்சேரிப் பிள்ளை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்து வந்து, பரிமளத்தின் வீட்டு அறையில் தங்கியிருக்கிறாள். புருஷன் தினுஷன் கத்தாரில். ஊரில் அம்மா சமைத்ததைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காமல் வளர்ந்த அந்தப் பிள்ளையைக் கெடுத்தது பரிமளம்தான். கஜனி அதை எல்லோரிடமும் பெருமையாகவே சொல்லுவாள்.

இந்த மூவரும் கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் ஒரு சிங்களக் கடையில் பலாக்கொட்டையைக் கருக வறுத்த தேங்காயோடு சேர்த்துச் சமைத்த கறி தின்றிருக்கிறார்கள். பனை மரம் போல் இருக்கும் கித்துளின் தண்டை இடித்தெடுத்த மாவில் காய்ச்சிய கஞ்சி குடித்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் யாரும் வீட்டில் வாயில் எதுவும் போடக் கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். வயிற்றைக் காய வைத்துக்கொண்டு போனால்தான் கடைக்காரனுக்கு மரியாதை என்பான் பஹ்மி.

பரிமளத்தின் பயம் இந்தக் கூட்டத்தை ஒரு தடவை நன்றாகவே சிரிக்க வைத்தது. போன மழைக்காலத்தில் பன்வில பக்கம் ஒரு கடையில் காளான் கறி வைத்தார்கள். பாதித் தட்டு முடிந்த பிறகு அவளுக்குத் திடீரென்று சந்தேகம் வந்து, “துப்புங்க! எல்லாரும் துப்புங்க!” என்று கத்தினாள். பக்கத்து மேசையில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரும் பயந்துபோய்த் துப்பினார். கடைசியில் அது கண்டி மார்க்கெட்டில் பெட்டியில் விற்கிற காளான். அதன்பின் பல நாள், பஹ்மி அவளை எங்கே கண்டாலும் “அக்கா, துப்பவா?” என்பான். அவமானம் அவளை உள்ளுக்குள் குத்திக்கொண்டேயிருந்தது. இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

இப்படியிருக்கையில், தினுஷன் லீவில் வந்து போன பிறகு, கஜனி முழுகாமல் இருந்தாள். ஏற்கெனவே ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் கலைந்து போனது. இது இரண்டாவது. சாவகச்சேரியில் அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, வர முடியாது. போனில் அழுதாள். “அம்மா, நீங்க அழுவாதீங்க. ஒங்க புள்ள இப்ப எம் புள்ள. நான் பாத்துக்கிறேன்” என்று பரிமளம் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்தது. கஜனி படியில் இறங்கினால் பின்னாலேயே இறங்குவாள். இருமினால் எழுந்து வந்து வாசலில் நிற்பாள்.

நாலாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடவளைக்கு அப்பால் ஒரு கடையில் மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிட்டு அவிக்கிறார்கள் என்று பஹ்மி செய்தி கொண்டுவந்தான். கஜனி விடியற்காலையிலேயே தலைவாரிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அன்ரி, எனக்கு ஆசையா இருக்கு. வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு ஆசை காட்டிப்போட்டு இல்லையெண்டு சொல்லக் கூடாது.” அந்த ஒரு சொல்லில் பரிமளம் தோற்றுப்போனாள்.

கடை என்றால் ஒரு வீட்டின் முன் அறை. நாலு கதிரை, ஒரு மேசை. நடத்துகிற அம்மாவைப் பஹ்மி “தாத்தா” என்றுதான் கூப்பிட்டான். மடவளைப் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். கஜனி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பரிமளம் சிரிக்கவில்லை. நேரே அடுப்படி வாசலுக்குப் போய்விட்டாள்.

“கெழங்கு பச்ச வாட இல்லாம அவிஞ்சிருக்குங்களா? வாயும் வயிறுமா ஒரு புள்ள வந்துருக்கு.”

“துருவி, புழிஞ்சி, தண்ணி மாத்தி மாத்திக் கழுவித்தான் அவிச்சீக்கி மகள். பயப்பட வாணாம்” என்றாள் கடைக்கார அம்மா. “கெழங்கு அவிக்கிற நாளைக்கு எங்கட வூட்டுக்குள்ள இஞ்சி வாறதே இல்ல. இஞ்சிய அடுத்த வூட்ல குடுத்துட்டுத்தான் அடுப்புப் பத்த வெப்பேன்.”

இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மரவள்ளியும் இஞ்சியும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் விஷம், ஆள் தப்பாது என்பதை இந்த நாட்டில் எந்த மொழி பேசுகிற வீட்டிலும் பிள்ளைக்கு நடை பழகும் வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மெய்யா பொய்யா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. கடைக்கார அம்மாவின் வார்த்தையைக் கேட்டதும் பரிமளத்துக்கு மனசு குளிர்ந்தது.

பிட்டு வந்தது. பஞ்சு போல் வெள்ளையாக, தேங்காய்ப்பூ தூக்கலாக, ஆவி பறந்தது. கூடவே நெத்தலிக் கருவாட்டுப் பிரட்டலும் தேங்காய்ப் பாலும். பரிமளம் இரண்டு தடவை வாங்கித் தின்றாள். கஜனிக்கும் தன் கையாலேயே பிசைந்து ஊட்டிவிட்டாள். “இது அவனுக்கு” என்று கடைசி வாயையும் விடவில்லை. பஹ்மி விரலைச் சூப்பிக்கொண்டே, “இன்னம் ரெண்டு கெழம இந்தப் பக்கம்தான் வாறது” என்று தீர்ப்புச் சொன்னான்.

திரும்பும் வழியில் வளைவுகள் அதிகம். கஜனிக்கு வயிற்றைப் புரட்டியது. வளைவோரத்துத் தேத்தண்ணிக் கடை ஒன்றில் பஹ்மி வண்டியை நிறுத்தினான். பரிமளம் கடைக்காரியிடம் கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கஜனி கிளாஸை வெறுமையாக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளாஸின் அடியில் நசுக்கிய இஞ்சி கிடந்தது.

பரிமளம் அதைப் பார்த்தாள். கண்ணை மூடித் திறந்து திரும்பவும் பார்த்தாள். நார் நாராக, மஞ்சள் நிறத்தில், இஞ்சியேதான்.

“தம்பி, இது என்னா தேத்தண்ணி?”

“இஞ்சி போட்ட பிளேன்டீ அக்கா. தங்கச்சிக்கு வயித்தப் பெரட்டுதாமே. வாந்திக்கு இஞ்சி நல்லம் தானே” என்றான் பஹ்மி. பாவம், நல்லது செய்த முகம் அவனுக்கு. அரை மணி நேரத்துக்கு முன் தின்ற கிழங்கு அவன் நினைவிலேயே இல்லை. “உங்களுக்கும் ஒண்ணு செல்லி ஈக்கேன். ஆறப் போகுது, குடிங்க.”

 பரிமளத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் என்ன ஆகும்? காளான் கதை நடந்த அன்று சிரித்தது போல இவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் பரவாயில்லை. சிரிக்காமல் கஜனி நம்பிவிட்டால்? ஏற்கெனவே ஒன்றை இழந்தவள். மாசமாய் இருப்பவள் நடுங்கினால் உள்ளே இருப்பதும் நடுங்கும். விஷம் கொல்லாவிட்டாலும் இவளுடைய சத்தம் கொன்றுவிடும். சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். பரிமளம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். தனக்கு வைத்திருந்த கிளாஸை எடுத்து, சுடச்சுட ஒரே மூச்சில் குடித்தாள். அடியில் கிடந்த இஞ்சியையும் விரலால் வழித்து மென்று விழுங்கினாள். கஜனியைவிட அவள் அதிகம் தின்றிருந்தாள். வயதும் அதிகம். விஷமென்றால் தன் உடம்பில்தான் முதலில் தெரியும், தெரிந்தவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். பைத்தியக்காரக் கணக்குத்தான். பயத்தில் இருப்பவளுக்கு வேறு கணக்கு வராது.

வண்டி புறப்பட்டது. பரிமளம் ஒரு கையால் கஜனியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், மறு கையைத் தன் வயிற்றில் வைத்திருந்தாள். நாக்கு மரத்துப் போகிறதா? இல்லை. கண் மங்குகிறதா? வியர்வையில் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அது பிட்டா, பயமா, சாவா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட வேண்டும், சீக்கிரம் ஆகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

“பஹ்மி அண்ணா, நிப்பாட்டுங்கோ” என்றாள் கஜனி.

இறங்கியவள் ஓரத்து மதிலைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். தின்றது முழுவதும் வெளியே வந்தது. நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தமே இல்லை. “தலை சுத்துது அன்ரி” என்று சொல்லிக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண் மேலே செருகியது.

“கெழங்கு!” என்று பரிமளம் அலறினாள். “கெழங்கு தின்னுட்டு இஞ்சி குடிச்சிருக்கா தம்பி! ஆஸ்பத்திரிக்குப் போ! ஐயோ சாமி, எம் புள்ள!”

பஹ்மியின் முகம் ஒரு நொடியில் வெளுத்தது. “அல்லாஹ்வே! நானல்லவா வாங்கிக் குடுத்தேன்!” கஜனியை இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவன் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. வளைவுக்குப் பயப்படுகிற பரிமளத்துக்கு ஒரு வளைவும் கண்ணில் படவில்லை. கஜனியின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, “தூங்காத கண்ணு, என்னப் பாரு, என்னப் பாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எதிர்ப்பட்ட சிங்கள நர்சிடம் பஹ்மி விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மா “மஞ்ஞொக்கா? இங்குருத்?” என்று இரண்டையும் தன் மொழியில் திருப்பிக் கேட்டுவிட்டு, நெஞ்சில் கை வைத்தாள். படித்த நர்சே நெஞ்சில் கை வைத்தால் பரிமளம் என்ன ஆவாள்? சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கஜனியைக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

அந்தக் கதவுக்கு வெளியே அவள் இருந்த நேரம் கொஞ்சம்தான். ஆனால் அந்த நேரத்துக்குள் அவள் சாவகச்சேரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள், கத்தாருக்குச் சொல்லிவிட்டாள், சவப்பெட்டிக்குப் பின்னால் அழுதுகொண்டு நடந்தும்விட்டாள். எல்லாம் மனசுக்குள். பஹ்மி எதிரே நின்று உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வெளியே வந்த டாக்டர் இளவயதுக்காரர், தமிழர். “கிழங்கு நல்லா அவிஞ்சிருந்திச்சா? கசப்பு ஏதும் தெரிஞ்சிச்சா?” என்று கேட்டார். இல்லை என்றாள். “வேற யாரு சாப்பிட்டது?”

“நானும்தாங்க. நானும் இஞ்சி குடிச்சேன்.”

“அப்ப உங்களுக்கும் தெரியாதா, ரெண்டும் சேரக் கூடாதுன்னு சனங்க சொல்றது?”

“தெரிஞ்சிதாங்க குடிச்சேன்.” கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “புள்ள குடிச்சிருச்சி. எனக்கு மொதல்ல வருமான்னு பாத்தேன்.”

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, “இஞ்சியப் பத்தி நான் இப்ப ஒண்ணும் பயப்படல அம்மா. கிழங்குதான் சரியா அவியலன்னா ஆபத்து. அதுக்கான அறிகுறி ரெண்டு பேர்கிட்டயும் இல்ல” என்றார். “குழந்தையோட இதயத் துடிப்பு நல்லாருக்கு. காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துருக்காங்க, சாப்பிட்டதும் வாந்தியில போயிருச்சி. வெறும் வயிறு, அதான் மயக்கம். எதுக்கும் சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாக்குறேன். கொஞ்ச நேரத்துல சாப்பிடக் குடுக்கலாம்.”

பஹ்மி அங்கேயே தரையில் நெற்றியை வைத்தான். பரிமளம் உள்ளே போனாள். நம்பிக்கை வரவில்லை. டாக்டர் சொன்னது காதுக்குள் போனது, வயிற்றுக்குள் போகவில்லை. கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக் கஜனியின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கஜனி கண்ணைத் திறந்தாள். “டொக்டர் ஒண்டுமில்லை எண்டு சொன்னவர். பிறகும் ஏன் அன்ரி பயப்படுறீங்கள்? அது சும்மா சனத்தின்ர கதைதானே.”

“கத இல்ல புள்ள. எங்க வீட்டுல நடந்துருக்கு.” இதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடமும் சொன்னதில்லை. “எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. செல்வின்னு கூப்புடுவோம். நாங்க பன்வில தேயிலத் தோட்டத்துல, லயத்து வரிசயில ஒத்த ரூம்புல இருந்தோம். பஞ்ச காலம். மாவு இல்ல, அரிசி இல்ல, தோட்டத்துல வேலயும் சரியா இல்ல. சீனி இல்லாம வெறுஞ் சாயத்தண்ணி. வீட்டுல இருந்த பித்தளக் கொடத்தக்கூட அப்பா வித்துட்டாரு. கெழங்குதான் கதி. அதுவும் ஒரு நா கெடைக்கும், ரெண்டு நா கெடைக்காது. ஒரு நா காலையில அவ எந்திரிக்கல. கெழங்கோட இஞ்சி சேந்துருச்சின்னு அம்மா சொன்னா. சாகுற வரைக்கும் அதத்தான் சொன்னா. அன்னைக்கிருந்து எனக்கு இந்தப் பயம்.”

 கச்சேரியில் கடதாசிகளை மொழிபெயர்க்கும்போது ஒரு வரி முன்வரியோடு ஒட்டாவிட்டால் நெற்றியைச் சுருக்குவது கஜனியின் வழக்கம். இப்போதும் அப்படியே சுருக்கினாள்.

“அன்ரி, வீட்டில ஒண்டுமே இல்லையெண்டு சொல்லுறீங்கள். பிறகு இஞ்சி மட்டும் எங்கால வந்தது?”

பரிமளம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கொல்லையில் இருந்திருக்கும் என்று சொல்லப் போனாள். கொல்லையில் ஒன்றும் இருக்கவில்லை, வேர்வரைக்கும் தோண்டித் தின்றாகிவிட்டது. பக்கத்து வீட்டில் கொடுத்திருப்பார்கள்? லயம் முழுக்க அதே நிலைமை. கடையில் வாங்கியிருந்தால்? ஒரு பிடி மாவுக்கு வழியில்லாதவர்கள் இஞ்சி வாங்குவார்களா? ஒரு துண்டு இஞ்சி கையில் கிடைத்திருந்தாலும் அம்மா அதை விற்றுப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு வாங்கியிருப்பாள். அந்த ஒற்றை அறையை அவள் மூலை மூலையாகத் தேடினாள். குளிர்ந்த அடுப்பு கிடந்தது, அரைக்க ஒன்றுமில்லாமல் காய்ந்துபோன அம்மி கிடந்தது, பாயில் தங்கச்சி கிடந்தாள். இஞ்சி இல்லை.

அம்மா பொய் சொல்லியிருக்கிறாள். என் பிள்ளை பசியில் செத்தாள் என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? வாய் வராமல், இஞ்சி மேல் போட்டுவிட்டாள். அதை நம்பிக்கொண்டு இவளும் இத்தனை காலம் இஞ்சியைக் கண்டு நடுங்கியிருக்கிறாள். பரிமளத்துக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் சில்லிட்டது. பிறந்ததிலிருந்து பட்ட பயங்களையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

“அன்ரி,” என்று கஜனி மெல்லக் கூப்பிட்டாள். “எனக்குப் பசிக்குது.”

பரிமளம் எழுந்த வேகத்தில் கதிரை சாய்ந்து விழுந்தது. செருப்பைப் போடவில்லை. பஹ்மி பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சிற்றுண்டிச் சாலையில் நின்ற வரிசையை முண்டித் தள்ளிக்கொண்டு முன்னே போனாள். “பசிக்குதுங்க! புள்ளைக்குப் பசிக்குதுங்க! படகினி, மஹத்தயா, படகினி!” என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கத்தினாள். வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற மனிதர், என்ன வேண்டும் என்று கேட்டார். கண்டியைச் சுற்றியுள்ள கடைகளின் பதார்த்தங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கித் தின்ற பரிமளத்துக்கு, அப்போது ஒரு சாப்பாட்டின் பெயரும் வாயில் வரவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.